டூர் கிராணி

மலையூரான லெம்பா பெர்த்தாமில் எந்த வரிசை வீடுகளை எடுத்தாலும் அங்கே ஒரு டூர் கிராணி இருப்பார். சம்பளம் இல்லை, யாரும் நியமிக்கவும் இல்லை. 1929இல் போ தோட்டம் தொடங்கிய இந்த மலையில் பெரட்டுக்கு ஆள் எண்ணி செக்ரோல் எழுதியவர் கிராணி. செக்ரோலின் இடத்துக்கு வாட்ஸ்அப் குழு வந்ததும் பட்டம் இவரிடம் வந்துவிட்டது. நாற்பதைத் தாண்டிய வயது, இடுப்பில் சின்னப் பை, கையில் பவர் பேங்க்.

அவர் தேடுவது அமைதி ஒன்றைத்தான். "ஆளே இல்லாத கடற்கரையா பார்த்துப் போகணும்லா" என்பார். சொன்ன கையோடு 42 பேரைக் குழுவில் சேர்த்துவிடுவார்.

ஆசை நியாயமானதுதான். சனிக்கிழமையானால் கேஎல்காரர்கள் ஸ்ட்ராபெரி பறிக்க மலையேறிவிடுகிறார்கள். தானா ராத்தா, பிரிஞ்சாங் பக்கம் காடிகள் ஊர்கின்றன. அவர்கள் ஏறும்போது நாம் இறங்கணும், அவர்கள் இறங்கும்போது நாம் ஏறணும் என்பது கிராணியின் சூத்திரம். இந்தக் கணக்கில் மட்டும் அவர் சறுக்கியதில்லை.

முதல் திட்டம் பெர்ஹெந்தியான் தீவு, அதுவும் டிசம்பரில். யாருக்கு எந்த அறை, யாருக்குக் கோழி, யாருக்குச் சைவம் என்பதுவரை எழுதி முடித்த பிறகு, காய்கறி ஏற்றிப் போகும் லோரி டிரைவர் ஒருவர்தான் விஷயத்தைச் சொன்னார்: வடகிழக்குப் பருவமழையில் கிழக்குக் கரைத் தீவு விடுதிகள் பெரும்பாலும் மூடிக் கிடக்கும். மலாயில் பெர்ஹெந்தியான் என்றால் நிறுத்துமிடம். திட்டம் அங்கேயே நின்றது.

அடுத்து மேற்குக் கரை. சுமத்ரா மறைத்துக்கொள்ளும் கடல், மீனவக் கம்பங்கள், நெத்திலிக் கருவாடு: பங்கோர். 1874ஆம் ஆண்டு பங்கோர் ஒப்பந்தம், டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை, 2020 முதல் வரியில்லாத் தீவு என்று மூன்று வரி வரலாறும் அட்டவணையில் ஏறியது. ஆண்கள் மூன்றாவது வரியை மட்டும் படித்தார்கள்.

தேதி பிப்ரவரிக் கடைசி. சீனப் பெருநாள் கூட்டம் ஓய்ந்திருக்கும், பொது விடுமுறையும் இல்லை. நான்கு பக்க அட்டவணை அச்சாகி வந்தது. "6.40 தே தாரெக். 6.55 இறக்கம். 7.30–7.45 வாந்தி." தாப்பா சாலை வளைவுகளில் பிள்ளைகளுக்கு வயிறு புரட்டும் என்று அதற்கும் நேரம் ஒதுக்கியிருந்தார். பிள்ளைகள் 7.20க்கே தொடங்கிவிட்டார்கள்.

லூமுட் படகுத்துறையில் பெரட்டு எடுக்கும்போது லேசாக உறுத்தியது. வரிசை முழுக்க மஞ்சள் புடவைகள், பால்குடங்கள், ஓர் உறுமி மேளம்கூட. "யாருக்கோ கல்யாணம் போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

படகு முதலில் சுங்கை பினாங் கெச்சிலில் நிற்கும். அப்புறம்தான் பங்கோர் டவுன். "நம்ம இடம் ரெண்டாவது! யாரும் எழுந்திருக்காதீங்க!" என்று கத்தினார். படகே எழுந்தது. கற்பூரக் கூடையோடு அவருடைய பெரியம்மாவும் எழுந்தார்.

"எங்க போறீங்க, பெரியம்மா?"

"மாசி மகம்டா, காளியம்மாளுக்கு. அதுக்குத்தானே கூட்டியாந்தே?"

அங்கே கரையில் இருக்கும் ஸ்ரீ பத்திரகாளியம்மன் ஆலயத்தில் மாசி மகத்துக்கு ஆயிரக்கணக்கானோர் திரள்வது ஆண்டுதோறும் நடப்பது. பொது விடுமுறைப் பட்டியலில் அந்த நாள் இருக்காது. கிராணி வீட்டு அடுப்படியில் தொங்கும் தமிழ்க் காலண்டரில் இருக்கிறது.

கிராணியின் முகம் வாடியது அரை நிமிடம்தான். "சஸ்பென்ஸா வச்சிருந்தேன், எல்லாருக்கும் தரிசனம்!" என்று குழுவில் குரல்பதிவு போட்டார். அன்று இரவு தூக்கம் உறுமிச் சத்தத்தோடுதான்.

திரும்பும்போது விபூதி மடிக்கப் பெரியம்மா தாள் கேட்டார். அட்டவணையின் நான்காம் பக்கம் கிடைத்தது. "ஞாயிறு 10.00–12.00: அமைதி" என்ற வரி மடிப்புக்குள் போய்விட்டது.

படகு லூமுட்டைத் தொடுமுன் குழுவில் அடுத்த செய்தி விழுந்தது: "அடுத்து பூலாவ் கெத்தாம். காடியே ஓடாத தீவு. யார் யார் வர்றீங்க?"

எதிர் இருக்கையிலிருந்து பெரியம்மா கேட்டார்: "அங்க என்ன சாமிடா?"