அப்பாவோடு ஐந்தாம் எண் சாலையில்

கேள்வி: அப்பாவைக் காரில் கூட்டிக்கொண்டு கோலசிலாங்கூர், செகிஞ்சான் பக்கம் போகிறேன். வழியெல்லாம் என்ன பேசுவது? (ஒரு மகள், கிள்ளான்)

பதில்: நீங்கள் பேசவே வேண்டாம். ஒரு செம்பனைத் தோட்டம் கண்ணில் பட்டால் போதும். "இங்கெல்லாம் அப்போ ரப்பர் மரம்மா" என்று தொடங்குபவர் லயம், பால்வாளி, மண்டோர் என்று செகிஞ்சான் நெல்வயல் வரை நிறுத்தமாட்டார். நடுநடுவே, "மெதுவா ஓட்டு!" என்பார், அதற்குத் தலையாட்டினால் போதும்.

இருட்டியதும் கோலசிலாங்கூர் பக்கம் திரும்பி வந்து கம்போங் குவாந்தானில் சம்பான் ஏறுங்கள். சிலாங்கூர் ஆற்றங்கரைப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூட்டமாக ஒரே தாளத்தில் கண் சிமிட்டும். எல்லாம் துணை தேடும் தூதுதான். அங்கே அப்பாவே வாயடைத்துப் போவார். கைப்பேசி விளக்கை மட்டும் அணைத்துவிடுங்கள். அடுத்தவர் காதலில் வெளிச்சம் அடிப்பது நாகரிகமல்ல.