மாப்ள, மொதல்ல பல்லைப் புடிச்சுப் பாரு

ரேஞ்ச்ஃபைண்டர் வேணுமாக்கும் மருமகனுக்கு! சட்டைப் பையில மூணு கண்ணு வச்ச போனு கெடக்கு. போன தீவாளிக்கு அதுல எடுத்த படத்தையே நீ இன்னும் திரும்பிப் பாக்கல. இப்ப ஃபிலிம் போட்டு, முப்பத்தாறே முப்பத்தாறு எடுத்து, கழுவக் குடுத்துட்டுக் காத்துக் கெடக்கப் போறியாம். நல்லது. பொறுமை காசு குடுத்தாவது வரட்டும்.

ஆனா 'லைக்கா'ன்னு வாயைத் தொறந்தே, எந்திரிச்சுப் போயிருவேன். 1954-ல வந்த எம்3 அருமையான மிஷினுதான், இல்லேங்கல. லென்சோட அதுக்குக் குடுக்குற காசுல நல்ல கறவை மாடு வாங்கிரலாம். அது பாலாவது கறக்கும். 1984-ல வந்த எம்6 இன்னும் மோசம். அது நெத்தியில இருக்குற செவப்புப் பொட்டுக்கே தனியாக் காசு கேப்பான். 1962-ல ஜான் கிளென் பூமியைச் சுத்திப் பறந்தாரே, அவரு கொண்டு போன கேமரா என்ன தெரியுமா? மருந்துக்கடையில நாப்பது டாலருக்கு வாங்குனது. மேல ஆன்ஸ்கோன்னு பேரு போட்டிருக்கும், செஞ்சது மினோல்டா. விண்வெளிக்கே அது போதும்னா, நீ மாட்டுத்தாவணியில டீக்கடையப் படம் புடிக்கிறதுக்கு என்ன கேடு?

கேமராச் சந்தையும் மாட்டுச் சந்தை மாதிரிதான் மாப்ள. கொம்புக்குப் புது வர்ணம் அடிச்சு, மணி கட்டி நிக்குதுபாரு, அதைத்தான் மொதல்ல சந்தேகப்படணும். புதுசா செவப்புத் தோலு ஒட்டி, 'மின்ட் கண்டிஷன்'னு போட்டு, ரோசாப்பூப் பக்கத்துல வச்சுப் படம் எடுத்திருந்தான்னா, விக்கிறவனுக்கு ரோசாவைப் பத்தித்தான் தெரியும்னு அர்த்தம்.

கையில வாங்குனதும் கண்ணுல வச்சுப் பாரு. நடுவுல மஞ்சளா ஒரு சின்னக் கட்டம் தெரியும். லென்ஸைத் திருப்புனா அதுக்குள்ள இருக்குற உருவம் நகந்து போயி, வெளிய இருக்குற உருவத்து மேல உக்காரணும். இதுக்குத்தான் ரேஞ்ச்ஃபைண்டர்னு பேரே. கடைக்காரனை வெளிய கூட்டிட்டு வந்து, தூரத்து செல்போன் டவரைப் பாரு. லென்ஸைக் கடைசி வரைக்கும் திருப்பினதும் ரெண்டு டவரும் ஒண்ணாயிரணும். பக்கவாட்டுல கொஞ்சம் தள்ளி நின்னா ஒரு ஸ்க்ரூ திருப்புற வேலை. கட்டமே தெரியலேன்னா, எவனோ பளபளன்னு இருக்கட்டும்னு ஸ்பிரிட்டப் போட்டு உள்கண்ணாடியத் தொடச்சு, ரசத்தையே வழிச்சு எடுத்துட்டான்னு வச்சுக்க. கும்புட்டுட்டு வந்துரு. லேசா மங்கியிருந்தா மட்டும் பயப்படாத: வெளி ஜன்னலுக்கு நடுவுல கருப்பு டேப்பு ஒரு துணுக்கு ஒட்டுனா கட்டம் பளிச்சுன்னு தெரியும். அந்த வித்தைய விக்கிறவங்கிட்ட சொல்லாத.

அப்புறம் ஷட்டர். இருக்குறதுலயே கொறஞ்ச வேகத்துல வச்சு அமுக்கு. எண்ணெய் எறங்குனதா இருந்தா தகடு நடுவழியில நின்னு யோசிக்கும். 'பி'யில வச்சு ஷட்டரைத் தொறந்து புடிச்சுக்கிட்டு, பின்னால இருந்து டார்ச்சு அடி. கண்ணாடி ஓரத்துல வெள்ளையா வேரோடியிருந்தா அது பூஞ்சை. தோலு உறையோட குடுத்தா இன்னும் நல்லாப் பாரு. நம்ம ஊரு ஈரத்துல அந்த உறைக்குள்ளதான் பூஞ்சை குடும்பம் நடத்தும்.

எதை வாங்குறதுன்னு கேக்குறே. 1972-ல வந்த கேனனெட் க்யூஎல்17 ஜி-த்ரீ கெடச்சா விடாத. 40 மில்லிமீட்டர், எஃப் 1.7 லென்சு, கைக்கு அடக்கம், பேட்டரி செத்தாலும் ஷட்டர் ஓடும். அது கெராக்கின்னா யாஷிகா எலெக்ட்ரோ 35. பெருத்த ஒடம்பு, ஆனா லென்சு சொக்கத் தங்கம். 2012-ல வந்த ஸ்பைடர்மேன் படத்துல அந்தப் பய கழுத்துல தொங்குறது அதுதான். அன்னையிலிருந்து அதுக்கும் கொஞ்சம் திமிரு ஏறிப்போச்சு. லிவரை இழுக்கும்போது வயித்துக்குள்ள 'டக்'குன்னு ஒரு சத்தம் கேக்கணும். கேக்கலேன்னா உள்ள ஒரு ரப்பர் துண்டு மக்கிப்போச்சுன்னு அர்த்தம், வெளிச்சக் கணக்கு ஒளறும். பேட்டரி இல்லாட்டி 500-ல ஒரு பங்கு வேகம் மட்டுந்தான் ஓடும்.

சோவியத் சரக்கு மலிவா வரும், ஃபெட், ஜோர்க்கின்னு. ஃபெட் கதை தனிக் கதை. கார்கிவ்ல அநாதைப் பிள்ளைக இருந்த கம்யூன்ல 1934 வாக்குல லைக்காவ அப்படியே பாத்துச் செஞ்சது. பேரு, ரகசியப் போலீஸை நடத்துன ஃபெலிக்ஸ் எட்மண்டோவிச் ஜெர்ஜின்ஸ்கியோட மொதலெழுத்துக. ஜோர்க்கி 4 வாங்குனா ஒண்ணு நெனப்புல வச்சுக்க: குமிழைத் திருகி ஃபிலிமை ஏத்துன பெறகுதான் வேகத்தை மாத்தணும். ஏத்தாம மாத்துனா உள்ள பல்லு போயிரும், உன் பல்லு இல்ல. இந்த ஃபெட்டுக்குத்தான் தங்க முலாம் பூசி, கழுகு முத்திரை குத்தி, 'ஜெர்மன் பட்டாளத்து லைக்கா'ன்னு விப்பான். லென்ஸைக் கழட்டி உள்ள மேல் பக்கம் பாரு. லைக்காவுல சின்னதா ஒரு உருளைச் சக்கரம் இருக்கும். சோவியத் சரக்குல அந்த எடத்துல மூக்கு மாதிரி ஒரு துண்டு. பாத்துட்டு மூடி வச்சுரு. சிரிக்காத, விலை ஏத்துவான்.

விலை பேசுறதுக்கு ஒரு வழி இருக்கு. பின்மூடியத் தொற. ஓரத்துல வெளிச்சம் புகாம கருப்புப் பஞ்சு ஒட்டியிருப்பாங்க. இத்தனை வருசத்துல அது தார் மாதிரி இளகியிருக்கும். வெரலால தொட்டு, வெரலைப் பாத்து, பெருமூச்சு விடு. பேசாத. அந்தப் பெருமூச்சுக்கே ஐநூறு கொறையும். புதுப் பஞ்சு வெட்டி ஒட்டுறதுக்கு நூறு ரூவா கூட ஆகாதுங்கறது நமக்குள்ள இருக்கட்டும்.

கேனனெட்டுக்கு 625-ன்னு ஒரு மெர்குரி பேட்டரி, 1.35 வோல்ட்டு. பாதரசம் விஷம்னு நிறுத்திட்டாங்க. அதே அளவுல இப்ப வர்ற 1.5 வோல்ட்டைப் போட்டா மீட்டரு பொய் சொல்லும். காது மெஷினுக்குப் போடுற 675 பேட்டரி 1.4 வோல்ட்டு; சுத்தி ஒரு ரப்பர் வளையம் மாட்டிப் போட்டா உக்காந்துரும். உங்க அத்தைகிட்ட நெறையா இருக்கு, கேட்டு வாங்கிக்க. சத்தமாக் கேளு.

இன்னொண்ணு, ரேஞ்ச்ஃபைண்டர்ல லென்சு வழியாப் பாக்குறதில்ல, பக்கத்து ஜன்னல் வழியாத்தான் பாக்குறே. லென்சு மூடியக் கழட்டாமலே முப்பத்தாறும் எடுத்துட்டு வந்த மாப்பிள்ளை வீட்டாரு எத்தனை பேரு நம்ம ஸ்டுடியோ வாசல்ல நின்னிருக்காங்க! அப்பல்லாம் நம்ம ஊட்டியிலேயே 'இந்து' ஃபிலிம் செஞ்சாங்க. ஒரு ரோலு போனா இன்னொரு ரோலு. அந்த ஆலை மூடிப்போச்சு. இப்ப ஒவ்வொரு ரோலும் சீமையில இருந்துதான் வரணும். கேமரா விலையச் சொல்லி வருத்தப்படுறியே, பத்து ரோலு விலையக் கூட்டிப் பாரு, அப்ப தெரியும்.

கழுவ எங்க குடுப்பேன்னும் யோசிச்சிருக்க மாட்டே. பழைய டார்க் ரூமு பின்கட்டுல அப்படியேதான் இருக்கு. ஆனா உங்க அத்தை அதுல வெங்காயம் காயப் போட்டிருக்கா. வேணும்னா நீயே போயிக் கேளு. நான் வரல.