மேல்நிலப் பிரதேச மக்களின் கவனத்திற்கு

டயகமவில் எதுவும் மேலே ஏறாது. தலவாக்கலையிலிருந்து வரும் பஸ் மட்டும் முக்கி முனகி ஏறும். அதுவும் இங்கே வந்து நின்றுவிடும்; இதற்கு மேல் காடு, காட்டுக்கு மேல் ஹோட்டன் சமவெளி. மற்றதெல்லாம் இறங்குகிற வகைதான். மழைத்தண்ணி இறங்கும், மரக்கறி லொறி இறங்கும், ஓ.எல். எழுதிய பிள்ளைகள் கொழும்புக்கு இறங்குவார்கள். நானும் அப்படி இறங்கியவன்தான். இயற்கைக்கு விரோதமாக இந்த ஊரில் மேலே ஏறுகிற ஒரே சாமான், ராத்திரி இரண்டு மணிக்கு என் நெஞ்சுக்குள் ஏறுகிற புளித்தண்ணி.

புறக்கோட்டையில் ஒரு மொத்தக்கடையில் எனக்குக் கணக்கு எழுதும் வேலை. ஏறி இறங்க மலை இல்லை, எதிர்ப்பக்கம் கொத்துரொட்டிக் கடை இருந்தது. ஒன்பது வருஷத்தில் 135 கிலோ. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து மனசுக்குள் கணக்குப் போட்டார். முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவர். எந்த எடையையும் பேரில்தான் பார்ப்பார். 18 கிலோ எடுத்தால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர். "ஏழரை நாள் பேரு இருக்கும்டா" என்றார். ஏழரை என்ற சொல் வாயில் வந்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

சர்க்கரை வந்தது, முழங்கால் மக்கர் பண்ணியது. கொழும்பில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் வரிசையில் காத்திருந்து ஆபரேஷன் செய்துகொண்டேன். வயிற்றைக் கிழிக்கவில்லை, சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டு, உள்ளே இருந்த இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஒரு வாழைப்பழம் அளவுக் குழாய். பசியைக் கிளப்பும் சுரப்பு பெரும்பாலும் ஊறுவது இரைப்பையின் மேல்பகுதியில்தானாம். அதுவும் வெட்டிய பங்கோடு போய்விட்டது. இப்போது கொத்துரொட்டிச் சத்தம் காதில் விழுந்தால் அது வெறும் சத்தம்தான். பத்து மாதத்தில் 90 கிலோவுக்கு வந்தேன். "ரெண்டரை நாள் பேர வெட்டிட்டாங்களே, சாக்குக்கும் தண்ணிக்குமா கழிச்சாங்க?" என்று அம்மா கேட்டார். கொழுந்து நிறுக்கும்போது அப்படித்தான் கழிப்பார்கள்; தராசு விஷயத்தில் அவருக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது.

பகலில் ஒரு குறையும் இல்லை. படுத்தால்தான் கதை.

இதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது லேசு. சமவெளியில் பிறந்து எங்கள் பக்கமாக இறங்கும் ஆக்ரா ஓயா, கொத்மலை ஓயாவாகி, தலவாக்கலையில் மேல் கொத்மலை அணையில் போய் நிற்கிறது. 2012இலிருந்து அங்கே மின்சாரம் எடுக்கிறார்கள். பெரிய குளமில்லை, சின்னதுதான். அதனால் மழை கொஞ்சம் ஊன்றிப் பெய்தாலே ரேடியோவில் சொல்லிவிடுவார்கள்: வான்கதவு திறக்கப்பட்டுள்ளது, தாழ்நிலப் பிரதேச மக்கள் அவதானமாக இருக்கவும். என் வயிறும் இப்போது அந்தக் குளம்தான். முன்பு அது விரிந்து கொடுத்து, எவ்வளவு கொட்டினாலும் வாங்கிக்கொள்ளும் பை. விரிகிற பகுதியை வெட்டிவிட்டதால் நாலு கரண்டி கஞ்சிக்கே உள்ளே அழுத்தம் ஏறுகிறது. தொண்டைக்குழாய் வந்து இரைப்பையில் சேருகிற இடத்து வான்கதவும் வெட்டுப்பட்டதில் கொஞ்சம் தளர்ந்துவிட்டது. ஒரு வித்தியாசம், இங்கே அவதானமாக இருக்க வேண்டியது மேல்நிலப் பிரதேசம்: நெஞ்சு, தொண்டை, சில ராத்திரி மூக்கும்.

ஊருக்குத் திரும்பி வந்து தோட்டத்து லயத்தில் இருப்பவனுக்கு வியாதி தனிச்சொத்து இல்லை. காம்பராவுக்குக் காம்பரா சுவர் உண்டு, ஆனால் அது கூரையைத் தொடாது. நான் இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து ஏப்பம் விட்டால், சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கும் பெரியப்பா, "மூணாவதா தம்பி?" என்பார். அவருக்கு அப்பால் இருக்கும் சித்தி, "நாலாவது. மொதல்ல விட்டப்ப நீங்க கொறட்டையில இருந்தீங்க" என்பார். ஓமத்தண்ணி, வெந்தயம், இஞ்சிச்சாறு என்று வைத்தியம் கூரை வழியாக வரும். இஞ்சி எனக்கு எரிகிற வீட்டில் மண்ணெண்ணெய். கடையில் வாங்கிய பெப்பர்மின்ட் முட்டாயோ அந்த வான்கதவை இன்னும் தளர்த்துகிற சாமான் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் ஒரு பாக்கெட் முடித்திருந்தேன். தேயிலையும் அந்தக் கதவுக்கு ஆகாதாம், பொழுது சாய்ந்தபிறகு வேண்டாம் என்றார்கள். ஜன்னலைத் திறந்தால் கண்ணுக்கெட்டும் வரை தேயிலை. சாயங்காலம் ஆறு மணிக்கு நான் சுடுதண்ணி குடிக்கிறேன்.

தூக்கம் இல்லாத ஒரு ராத்திரி போனில் ஒரு விஷயம் படித்தேன். 1822இல் அமெரிக்காவில் மெக்கினாக் தீவில், தோல் வியாபாரக் கம்பெனிக்குச் சுமை தூக்கிய அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற வாலிபனுக்குத் துப்பாக்கிச் சூடு. உயிர் பிழைத்தான், ஆனால் வயிற்றில் விழுந்த ஓட்டை மூடவே இல்லை. வைத்தியம் பார்த்த இராணுவ டாக்டர் வில்லியம் போமன்ட் அவனைத் தன்னிடமே வேலைக்கு வைத்துக்கொண்டார். இறைச்சித்துண்டை நூலில் கட்டி அந்த ஓட்டைக்குள் இறக்குவார், சில மணி நேரம் கழித்து இழுத்துப் பார்ப்பார். நடுநடுவே விறகும் வெட்ட வேண்டும். வயிற்றுக்குள் ஊறுவது அமிலந்தான், அது இறைச்சியைக் கரைக்கும் என்று உலகம் கண்ணால் பார்த்தது இந்தத் தொழிலாளி வயிற்றில்தான். வயிற்றுக்குத் தனிப்பேர் போட்டார்களா என்று அம்மாவாக இருந்தால் கேட்டிருப்பார். டாக்டர் 1853இல் போய்ச் சேர்ந்தார். ஓட்டை வயிற்றுக்காரர் 1880 வரை இருந்தார். அன்று விடியும்வரை எனக்கு நெஞ்செரிவு தெரியவில்லை.

கிளினிக்கில் மூன்று கட்டளை. படுக்க மூன்று மணி நேரம் முந்தியே சாப்பாட்டை முடிக்க வேண்டும். தலைமாடு உயர வேண்டும். இடது பக்கம் சாய்ந்து படுக்க வேண்டும். அப்படிப் படுத்தால் இரைப்பை தொண்டைக்குழாய்க்குக் கீழே தங்கிவிடுமாம். முதலில் நாலு தலையணை அடுக்கினேன். உடம்பு இடுப்பில் மடிந்து வயிற்றை அமுக்கியதில் கூடுதலாக ஏறியது. தலையணை வேலைக்காகாது, கட்டிலையே உயர்த்துங்கள் என்றார்கள். தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் சீமெந்துக் கல் வைத்து ஏழு அங்குலம் தூக்கினேன். இப்போது காம்பராவுக்குள்ளும் ஒரு மலை. காலையில் எழுந்தால் தலையணை மேலே, நானும் மனைவியும் கால்மாட்டில், கம்பளி தரையில். "பகலெல்லாம் சரிவுல நின்னுதான் கொழுந்து எடுக்கிறேன், ராத்திரியும் சரிவா?" என்றாள் மனைவி.

அதைவிடப் பெரிய சிக்கல் இடதுபக்கம். அவள் படுப்பது எனக்கு இடப்பக்கம். கல்யாணம் கட்டியவர்களுக்குத் தெரியும், சண்டை என்றால் ராத்திரி முதுகைக் காட்டிப் படுக்க வேண்டும், அதுதான் முறை. நான் முதுகைக் காட்டத் திரும்பினால் கால்மணி நேரத்தில் வான்கதவு திறந்துவிடும். ஆகவே எவ்வளவு கோபமாக இருந்தாலும் அவள் முகத்தைப் பார்த்தபடியே கிடக்கிறேன். இது அவளுக்குத் தெரியும். அதனால் சண்டையை இப்போது படுத்தபிறகுதான் தொடங்குகிறாள்.

இதற்கும் அடங்காவிட்டால் இன்னொரு ஆபரேஷன் இருக்கிறது, பைபாஸ் போடலாம் என்றார் டாக்டர். ஊருக்கே ஒரு ரோடுதான், எனக்கு மட்டும் பைபாஸ் எதற்கு என்று வந்துவிட்டேன். இப்போதைக்குக் குளிசைதான்.

அம்மாவுக்கு இதில் எதிலும் நம்பிக்கை இல்லை. சாமத்தில் வருகிறது, கழுத்தைப் பிடிக்கிறது, படுத்தால் வருகிறது, எழுந்து உட்கார்ந்தால் போய்விடுகிறது. முனி இல்லாமல் வேறென்ன? ஒரு வெள்ளிக்கிழமை கோடாங்கியைக் கூட்டிவந்துவிட்டார். லயமே இஸ்தோப்பில் கூடியது. அவர் உடுக்கை அடித்தார், கண்ணை மூடினார், என் நெற்றியில் விபூதி போட்டார். "பொழுது சாஞ்சா எதுவும் திங்கக்கூடாது" என்றார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கிளினிக் டாக்டர் தோற்றுப்போனார். பிறகு டீ வந்தது. கோடாங்கி கையை நீட்டித் தடுத்தார்: "வேணாந் தாயி, எரியும்."

கூட்டம் கலைந்ததும் என் பக்கம் குனிந்தார். "தம்பி, அந்தக் குளிசைக்குப் பேரு என்னா?"

சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினேன். ஒமெப்ரசோல், சுவீடன்காரர்கள் 1988இல் கடைக்குக் கொண்டுவந்த மருந்து. "ஒமெப்ரசோல், ஒமெப்ரசோல்" என்று மந்திரம் உருப்போடுகிற மாதிரி சொல்லிப் பார்த்தார்.

"சாப்பாட்டுக்கு முந்தியா, பிந்தியா?"

"முந்திங்க. அரைமணி நேரம் முந்தி. ஆனா டாக்டர்கிட்ட ஒருக்கா காட்டிட்டுப் போடுங்க."

தலையை ஆட்டினார். தட்டில் அம்மா வைத்திருந்த காணிக்கையை எண்ணி, பாதியை என் பக்கம் தள்ளினார். அரைப்பேர்.