ஒரு வேனும் சில குடிகாரர்களும்

மச்சானும் நானும் கூட்டுச் சேர்ந்து ஒரு பழைய டெம்போ டிராவலர் வாங்கினோம். பின்சீட்டைக் கழற்றிக் கட்டில் போட்டு, ஃபேன், டிவி, சின்ன ஃப்ரிட்ஜ் எல்லாம் மாட்டியதும், குன்றத்தூரில் எங்கள் தெருவே வந்து எட்டிப் பார்த்தது. "இந்தக் காசுக்கு ஆயுசுக்கும் லாட்ஜ்ல தங்கலாமே" என்றார் எதிர்வீட்டுத் தாத்தா. பொறாமை என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை நாலரைக்கு ஏலகிரி கிளம்பச் சாவியைத் திருப்பினேன். டிக். டிக். டிக். அவ்வளவுதான். டேஷ்போர்டுப் பிள்ளையாரின் சிவப்பு லைட் எண்ணெய் தீர்ந்த அகல் மாதிரி மினுக்கியது.

தெருமுனையில் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் போகிற கம்பெனி பஸ்ஸுக்காகப் பையன்கள் கழுத்தில் ஐடி கார்டோடு நின்றிருந்தார்கள். காரும் லாரியுமாகச் செய்து தள்ளுகிற வட்டாரத்தில் ஒரு வேனைத் தள்ளவா ஆள் பஞ்சம்? மலைக்கோயிலின் 84 படியை மூச்சு வாங்காமல் ஏறுகிறவர்கள், வேனை நாற்பதடி தள்ளுவதற்குள் நாக்குத் தள்ளினார்கள்.

பஸ் டிரைவர் அண்ணனிடம் ஜம்ப் கேட்டேன். "என் வண்டி 24 வோல்ட்டு சார், உங்களது 12. குடுத்தா ஒயரிங் பூரா புகைஞ்சிரும். நாங்கல்லாம் வண்டியப் போட்டா மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான் இறங்குவோம்" என்று உபதேசத்தோடு நிறுத்திக்கொண்டார். கடைசியில் ஒரு கால் டாக்ஸிக்காரர் உயிர் கொடுத்தார். ஏலகிரிக்குப் பதில் பேட்டரி சார்ஜ் ஏறுவதற்காக வெளிவட்டச் சாலையில் ஒரு மணி நேரம் சும்மா ஓட்டிவிட்டு வந்தோம். எங்கேயும் இறங்கவில்லை. ஆஃப் பண்ணப் பயம்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தம்பி மல்ட்டிமீட்டரோடு வந்தான். கார் கம்பெனியில் எலக்ட்ரிக்கல் வேலை. மைனஸ் டெர்மினலைக் கழற்றி, நடுவில் மீட்டரைக் கொடுத்தான். "நிறுத்தி வெச்ச வண்டி 50 மில்லி ஆம்பியருக்குள்ள இழுத்தா சரிண்ணே. உங்களது நாலரை ஆம்பியர் இழுக்குது."

ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கினான். கேமரா ஒரு வாய், ஜிபிஎஸ் ஒரு வாய், மியூசிக் சிஸ்டம் ஒரு சொட்டு. பிள்ளையாரும் குடிக்கிறார். ஒன்றுமே மாட்டாத இன்வெர்ட்டர்கூட, சுவிட்ச் ஆனில் இருக்கிற ஒரே காரணத்துக்காகக் குடிக்கிறது. சேக்கிழார் பிறந்த ஊர் இது. அடியார்களுக்குப் பெரியபுராணம் எழுதிய மண்ணில், என் வேனின் குடியார்களுக்கும் தனியாக ஒரு புராணம் எழுதலாம். ஆனால் எல்லாரும் குடித்ததைக் கூட்டினாலும் அரை ஆம்பியர் தேறவில்லை.

கடைசி ஃபியூஸைப் பிடுங்கியதும் மீட்டர் சடாரென்று படுத்தது. ஃப்ரிட்ஜ். திறந்தால், உள்ளே ஒரு தூக்கு நிறைய தோசை மாவு. மேலே வாழையிலையில் சுற்றிய மல்லிகைப்பூ.

"வீட்டு ஃப்ரிட்ஜ்ல இடமில்ல மாப்பிள்ளை. வெள்ளிக்கிழமை ராத்திரி வெச்சேன். இது சும்மாதானே நிக்குது?" என்றார் அத்தை.

தம்பி விரல் விட்டு எண்ணினான். ஓடும்போது 4 ஆம்பியர். நம்ம ஊர் வெயிலுக்குப் பாதி நேரம் ஓடும். ஞாயிறு விடிவதற்குள் 60 ஆம்பியர் ஹவர் காலி. பேட்டரி மொத்தமே 100, அதுவும் வயசானது. "அதுக்குத்தான் ஃப்ரிட்ஜ்லயே கட்-ஆஃப் இருக்கே, எதுல வெச்சிருக்கீங்க?"

ஹை, மீடியம், லோ என்று மூன்று இருந்தன. வீட்டில் ஆளில்லாத ரூமில் லைட் எரிந்தால் தூக்கம் வராத ஜாதி நான். கரன்ட் குறைவாக இழுக்கும் என்று லோ-வில் வைத்திருந்தேன். வோல்டேஜ் தரை தட்டும்வரை ஓடு என்பதுதான் லோ-வுக்கு அர்த்தமாம். வண்டி பேட்டரி என்றால் ஹை. சீக்கிரமே நின்று, செல்ஃப் எடுக்க மிச்சம் வைக்கும். சொன்னவன் சிரிக்கவில்லை. மச்சான் சிரித்தார்.

மறுநாளே சீட்டுக்கடியில் லாரிக்குப் போடுகிற மாதிரி மெயின் சுவிட்ச் மாட்டினேன். தினமும் ராத்திரி செருப்பை மாட்டிக்கொண்டு போய் ஆஃப் செய்துவிட்டு வந்து படுத்தேன்.

அடுத்த மாதம் மறுபடி ஏலகிரி, மறுபடி நாலரை. மெயினைப் போட்டுச் சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் எடுத்தது. பெருமையோடு திரும்பினால், பின்னால் மச்சான் மூக்கைப் பொத்திக்கொண்டு கட்டிலில் நிற்கிறார். ஃப்ரிட்ஜ் கதவைத் தள்ளிக்கொண்டு மாவு பொங்கித் தரையெல்லாம் வழிந்திருந்தது.

"லைட் எரியலைன்னு பார்த்தேன்" என்றார் அத்தை. "சிக்கனத்துக்கு நீங்கதான் பல்பைக் கழட்டிட்டீங்கன்னு நினைச்சேன் மாப்பிள்ளை."