நாம் இருவர், நமக்கு எத்தனை சார்?

உத்திரமேரூர் பக்கம் காவாந்தண்டலம் ஆகட்டும், அதற்கு அடுத்த ஊர் ஆகட்டும், கைக்குழந்தை இருக்கிற எந்த வீட்டுத் திண்ணையிலும் இரண்டு கேள்விகள் நிரந்தரமாகக் குடியிருக்கும். "பாலை எப்பம்மா நிறுத்தப் போறே?" இது மாமியார். "காப்பர்-டி போட்டுக்கிறியா, இல்ல ஆபரேஷனா?" இது நர்சம்மா. இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவள் ஒருத்தி. குழந்தையின் அப்பா? அவர் பைக் துடைத்துக்கொண்டிருப்பார்.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இந்தக் கேள்விகளுக்காகக் கோர்ட் படி ஏறியிருக்கிறார்கள், பெற்ற மகளைப் பறிகொடுத்திருக்கிறார்கள், ஊர்ப் பெண்கள் கழுத்தில் கலர் மணி கோத்து மாட்டியிருக்கிறார்கள். செய்தவர்கள் எல்லாம் நன்றாகப் படித்த பெரிய மனிதர்கள். அதனால்தான் இவ்வளவு குழப்பம்.

முதலில் உள்ளூர் சோழர் காலத்தை ஒரு எட்டுப் பார்த்துவிடலாம். கி.பி. 919, 921 தேதியிட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் பராந்தகன் காலத்துத் தேர்தல் ரூல் புக். வயது 35-லிருந்து 70-க்குள், கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு. கணக்குக் காட்டாமல் டிமிக்கி கொடுத்தவன் நிற்கக்கூடாது. அதோடு விட்டார்களா? அவனுடைய சித்தி, பெரியம்மா, அத்தை பெற்ற பிள்ளைகள், மாமன், மச்சான், மாமனார், மருமகன் வரை அவுட். ஒருத்தன் கையாடினால் பாதி ஊர் காலி. இவ்வளவு கறாராக யோசித்த சபை, ஒருத்தர் எத்தனை பிள்ளை பெறலாம் என்று மட்டும் ஒரு வரிகூட வெட்டவில்லை. வீட்டுக்குப் போக வேண்டாமா அவர்களுக்கு!

அந்தத் தலைவலியை உலகத்துக்கு இழுத்துவிட்டவர் மால்தஸ் என்ற பாதிரியார். 1798-ல் "ஜனத்தொகை பெருகுது, சோறு அந்த வேகத்தில் பெருகாது" என்று புத்தகம் போட்டார். அவருக்கே 11 பெண் பிள்ளைகள் என்று பின்னாளில் ஒரு வதந்தி பரவியது. பாவம், அவருக்கு மொத்தமே 3 குழந்தைகள். உண்மையான சாதனையாளர் பிரான்சிஸ் பிளேஸ் என்ற லண்டன் தையல்காரர். 1823 வாக்கில் கருத்தடை முறைகளை விளக்கி நோட்டீஸ் அடித்து விநியோகித்த அந்த மனிதருக்குப் பிள்ளைகள் 15. அனுபவஸ்தர் சொன்னால் கேட்கத்தானே வேண்டும்?

அடுத்து நம்ம பெசன்ட் நகர் அம்மையார். அன்னி பெசன்ட் என்றால் வெள்ளைப் புடவை, அடையாறு ஆலமரம், ஹோம் ரூல் என்று பள்ளிக்கூடப் புத்தகம் சொல்லும். 1877-ல் லண்டனில், முப்பது வயதுகூட ஆகாத அன்னி, ஒரு அமெரிக்க டாக்டர் எழுதிய பழைய கருத்தடைப் புத்தகத்தை நாத்திகப் பிரசாரகர் பிராட்லாவுடன் சேர்ந்து மறுபதிப்பு போட்டார். ஆபாச வழக்கு பாய்ந்தது. அதுவரை சீந்துவாரில்லாமல் கிடந்த புத்தகம், வழக்கு நடந்த சில மாதங்களில் லட்சம் பிரதிகளைத் தாண்டியது. படத்துக்குத் தடை கேட்டு வழக்குப் போட்டு ஹிட் ஆக்கும் கலையை நாம் கண்டுபிடிக்கவில்லை. பிரிட்டிஷ் சர்க்காரிடமிருந்து கற்றது.

ஜூரி சொன்ன தீர்ப்பு இன்னும் அழகு. புத்தகம் ஒழுக்கத்தைக் கெடுக்கும். ஆனால் போட்டவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. சரக்கு விஷம், கடைக்காரர் தங்கம்! ஆறு மாசம் ஜெயில் என்று தண்டனை எழுதினார்கள். அப்பீலில் அதுவும் பறந்தது. காரணம், குற்றப்பத்திரிகையில் அந்த ஆபாச வரிகளை எடுத்து எழுதவே இல்லை. கை கூசியதோ என்னவோ. ஆனால் இந்த வழக்கின் வாலைப் பிடித்துக்கொண்டு 1878-ல் இன்னொரு கோர்ட், "இப்படிப்பட்டவளிடம் பெண் குழந்தை வளரக்கூடாது" என்று மகள் மேபலை அவரிடமிருந்து பிரித்தது. அந்த இடத்தில் சிரிக்க முடியவில்லை.

அம்மையார் சளைக்கவில்லை. கருத்தடைக்காகச் சொந்தமாக ஒரு புத்தகமும் எழுதி விற்றார். பிறகு தியசாபிகல் சொசைட்டியை நிறுவியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையாரைச் சந்தித்து தியசாபிஸ்ட் ஆனார். உடனே "உடம்பை அடக்குவதே உயர்ந்தது" என்று 1891-ல் தன் புத்தகத்தைத் தானே வாபஸ் வாங்கினார். 1893-ல் இந்தியா வந்தார். ஆக, நம் ஊருக்கு வந்து சேர்ந்தது இரண்டாம் பாகம் மட்டும்.

1928-ல் சென்னையில் பெரிய மனிதர்கள் கூடி நியோ மால்தூசியன் லீக் ஆரம்பித்தார்கள். ஐகோர்ட் நீதிபதி சர் வேப்பா ராமேசம் போன்றவர்கள் அதில் முன்னால் நின்றார்கள். ஆங்கிலத்தில் பத்திரிகைகூட நடத்தினார்கள். யாருக்குப் பிள்ளை குறைய வேண்டும் என்று கவலைப்பட்டார்களோ, அவர்களுக்கு அதில் ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாது.

அதே காலத்தில் 'குடி அரசு' பத்திரிகையில் தமிழிலேயே போட்டு உடைத்தார் பெரியார். நாட்டு வறுமைக்காக, சொத்து சிதறாமல் இருக்க, தாயின் ஆரோக்கியத்துக்காக என்று மற்றவர்கள் ஆளுக்கொரு காரணம் அடுக்க, "அதெல்லாம் இருக்கட்டும், பெண் சுதந்திரமாக இருக்கக் கருத்தடை வேண்டும்" என்றார். கேட்டவர்களுக்கு மூச்சு நின்றது. ஜனத்தொகை கணக்குப் பேசலாம், பஞ்சம் பேசலாம். அவளுடைய வசதியைப் பேசுவதா? அவர் வழி நடந்த பாரதிதாசன் கருத்தடையை ஆதரித்துக் கவிதையே எழுதினார். கவிஞருக்குக் குழந்தைகள் 4. கவிதை எழுதுவது வேறு சார்.

இனி வார்தா. 1935 டிசம்பர் 2. அமெரிக்காவின் கருத்தடைப் போராளி மார்கரெட் சாங்கர், 11 பிள்ளை பெற்ற அம்மாவின் மகள், காந்தியைக் கரைத்துவிடலாம் என்று கடல் கடந்து வந்து ஆசிரமத்தில் இறங்குகிறார். அன்று திங்கட்கிழமை. காந்திக்கு மவுன விரதம். எவ்வளவு தூரம் வந்தாலும் அப்பாயின்ட்மென்ட் பார்த்து வரவேண்டும் என்பது இதனால் தெரிகிறது.

வாய் திறந்த பிறகும் பெரிதாக மாற்றம் இல்லை. பிள்ளை வேண்டுமென்றால் மட்டுமே தாம்பத்தியம், வேண்டாமென்றால் பிரம்மச்சரியம், நடுவில் கருவி கிடையாது என்பது மகாத்மாவின் கட்சி. அவர் பிரம்மச்சரிய விரதம் எடுத்தது 1906-ல், நான்கு மகன்கள் பிறந்த பிறகு. சாங்கர் மல்லுக்கட்டி மல்லுக்கட்டி, கடைசியில் மாதத்தில் கரு தங்காத நாட்களைப் பயன்படுத்துவதானால் அதில் தனக்கு அவ்வளவு எதிர்ப்பில்லை என்று காந்தி சொல்லும் அளவுக்கு இறக்கினார். சாங்கர் கிளம்பிய சில நாளில் காந்திக்கு ரத்தக் கொதிப்பு ஏறி, டாக்டர்கள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று நான் சொல்லவில்லை.

அந்தச் சின்னச் சலுகைதான் சுதந்திர இந்தியாவின் அரசு கொள்கையாக அவதாரம் எடுத்தது. முதல் சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ருத் கவுர் காந்தியின் சீடர், திருமணமாகாதவர். கருவி கூடாது, நாள் கணக்கு முறை மட்டும் பார்க்கலாம் என்றார். உலக சுகாதார நிறுவனம் 1951-ல் ஏப்ரகாம் ஸ்டோன் என்ற அமெரிக்க டாக்டரை அனுப்பியது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கு அவர் ஒரு மணிமாலை கொடுத்தார். தினம் ஒரு மணியைத் தள்ள வேண்டும். பச்சை மணி வந்தால் பயமில்லை, சிவப்பு வந்தால் ஜாக்கிரதை. வீட்டுக்குள் டிராபிக் சிக்னல்!

டெல்லியிலும் பெங்களூர் பக்கத்து ராமநகரத்திலும் பரிசோதனை நடந்தது. முதல் பிரச்சினை, இருட்டில் பச்சையும் சிவப்பும் ஒன்றுதான். சரி என்று சதுர மணியும் உருண்டை மணியுமாக மாற்றினார்கள். சிலர் மாலை போட்டுக்கொண்டாலே கரு தங்காது என்று நம்பினார்களாம், தாயத்து மாதிரி. சிலர் மாலையைக் கழுத்தில் போடவே மறுத்தார்களாம். பின்னே? மணி எங்கே நிற்கிறது என்று பார்த்தால் உங்கள் வீட்டு நிலவரம் தெருவுக்கே தெரிந்துவிடும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போக யாருக்குத் தைரியம் வரும்? திட்டம் படுத்தது. இருபது வருஷம் கழித்து அதே ராமநகரத்துப் பாறைகளில்தான் 'ஷோலே' எடுத்தார்கள். "எத்தனை பேர் இருந்தாங்க?" என்று கப்பர் சிங் கேட்டதும் அங்கேதான். தலைகளை எண்ணுகிற தலையெழுத்து அந்த ஊருக்கு.

பெரியவர்கள் இப்படி மணி எண்ணிக்கொண்டிருந்தபோது, நம் ஊர்ப் பாட்டி என்ன செய்துகொண்டிருந்தார்? "பால் கொடுக்கிற வரைக்கும் ஒண்ணும் தங்காதுடி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். படித்தவர்கள் மூடநம்பிக்கை என்று சிரித்தார்கள். 1988-ல் இத்தாலியின் பெல்லாஜியோவில் நிபுணர்கள் கூடி என்ன கண்டுபிடித்தார்கள் தெரியுமா? குழந்தைக்கு ஆறு மாசம் ஆகும்வரை, தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் பெரிதாகக் கொடுக்காமல், மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால், கரு தங்காமலிருக்க 98 சதவீதம் உத்தரவாதம். பாட்டி சொன்னதேதான், கூட மூன்று கண்டிஷன். அந்தக் கண்டிஷன்களை நாலாம் மாசமே கேழ்வரகுக் கூழ் ஊட்டி உடைத்தவரும் அதே பாட்டிதான். ஒன்றரை வயது வித்தியாசத்தில் ஒரு தம்பி வந்து சேர்ந்தால், "பகவான் கொடுத்தது" என்பார்.

ஆக, திண்ணையில் குடியிருக்கிற இரண்டு கேள்விகளும் உண்மையில் ஒரே கேள்வி. மாமியார் பாலை நிறுத்தச் சொல்லும்போதே நர்சம்மாவுக்கு வேலை வந்துவிடுகிறது.

பால் மறக்கடிக்கும் கலையிலும் பாட்டி கெட்டிக்காரி. மார்பில் வேப்பிலை அரைத்துத் தடவினால் பிள்ளை ஒரு வாய் வைத்துவிட்டு, உலகமே துரோகம் செய்ததுபோல் அம்மாவைப் பார்க்கும். கற்றாழைச் சாறும் உண்டு. எதற்கும் மசியாத பிள்ளைகளை ஆயா வீட்டில் ஒரு வாரம் விட்டுவிடுவார்கள். பால் கட்டிக்கொண்டு அம்மாவுக்கு வலித்தால் மார்பில் மல்லிகைச் சரத்தை வைத்துக் கட்டுவது. இதையும் வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் சோதித்து, மல்லிகை பால் சுரப்பைக் குறைப்பதில் மாத்திரைக்குச் சளைத்ததல்ல என்று 1988-லேயே கட்டுரை வெளியிட்டார்கள். தலையில் வைத்தால் ஒரு வேலை, மார்பில் வைத்தால் அதற்கு நேர்மாறான வேலை!

நடுவில் டப்பா வந்தது. எருமைப் பாலில் குழந்தை உணவு செய்யவே முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் கைவிரித்ததை, மைசூர் சி.எஃப்.டி.ஆர்.ஐ. உணவு ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் செய்து காட்ட, அமுல் அதை ஊரெல்லாம் கொண்டுசேர்த்தது. டப்பாவுக்காகத் தாய்ப்பாலை நிறுத்தியவர்களுக்கு இயற்கைக் கருத்தடையும் போய்விடும் என்று டப்பாவில் யாரும் எழுதவில்லை. காலியான டப்பா அரிசி அளக்க உதவியது. அளக்க வேண்டிய அரிசியும் கூடியது.

இந்த ஆட்டத்தில் எந்தப் பக்கம் பூ விழுந்தாலும் ஜெயிக்கிற கம்பெனி ஒன்று உண்டென்றால் அது நம்ம சென்னை டி.டி.கே. குழுமம். 1960-களில் பல்லாவரத்தில் ஆணுறைத் தொழிற்சாலை வைத்தார்கள். அன்றைக்குப் பல்லாவரமும் காவாந்தண்டலமும் ஒரே செங்கல்பட்டு ஜில்லா. ஆணுறை வாங்கினால் லாபம். வாங்க மறந்தால்? பத்து மாசம் கழித்து உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர். அதுவும் அவர்கள் சரக்குதான்.

சர்க்கார் 1968-ல் நிரோத் கொண்டுவந்தது, மூன்று 15 பைசா. டீத்தூள், சோப்பு விற்கிற கம்பெனிகள் மூலம் பெட்டிக்கடை வரை போனது. பெட்டிக்கடைக்காரர் பெரியப்பா முறை என்றால் எப்படிக் கேட்பது என்பதற்கு மட்டும் திட்டக் கமிஷனில் பதில் இல்லை. பல ஊர்களில் அது திருவிழா பலூனாகத்தான் பறந்தது.

இதற்கெல்லாம் முன்பே ஒரு தமிழ் அதிகாரி ஆபரேஷன் பக்கம் போய்விட்டார். ஆர்.ஏ. கோபாலசாமி, ஐ.சி.எஸ். 1951 சென்சஸ் கமிஷனர். மூன்று பிள்ளைக்கு மேல் பெறுவதெல்லாம் தாய்மார்களின் முன்யோசனை இல்லாத செயல் என்று அறிக்கையில் எழுதினார். பிறகு சென்னை ராஜ்யத் தலைமைச் செயலாளராக வந்து, ஆண்களுக்கு வாசக்டமி, செய்துகொண்டால் 30 ரூபாய் என்று திட்டத்தை முடுக்கினார். பழி அம்மாவுக்கு, ஆபரேஷன் அப்பாவுக்கு. சரித்திரத்தில் இவ்வளவு நேர்மையான பங்கீடு அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. ஆள் பிடித்துக் கொடுப்பவருக்கும் கமிஷன் உண்டு. கமிஷனுக்காகப் பேரன் எடுத்த தாத்தாக்களைக்கூடக் கூட்டிப் போனார்கள்.

1971 ஜூலையில் எர்ணாகுளம் கலெக்டர் கிருஷ்ணகுமார் திருவிழா மாதிரி முகாம் நடத்தி, ஒரே மாசத்தில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு வாசக்டமி செய்யவைத்தார். பிறகு எமர்ஜென்சி வந்தது. வடக்கே போலீஸ் வைத்து ஆள் பிடித்தார்கள். அந்த பயத்தில் அரசாங்கம் ஆண்கள் பக்கம் திரும்புவதையே விட்டது. கத்தி பெண் பக்கம் போனது, அங்கேயே நின்றுவிட்டது.

இப்போது கதை தலைகீழ். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைதான் என்கிறது 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு. ஜனத்தொகை பார்த்து எம்.பி. சீட்டைப் பங்கிட்டால், பிள்ளை குறைந்த நமக்குச் சீட்டும் குறையுமே என்று கவலை. 2024 அக்டோபரில் 31 ஜோடிகளுக்குத் திருமணம் நடத்திவைத்த மேடையில் முதல்வர் ஸ்டாலின், பதினாறும் பெற்றால் என்ன என்று யோசிக்கும் நிலை வந்திருக்கிறது என்றார். நாம் இருவர், நமக்கு இருவர் என்று குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் வரைந்த சுவர்களெல்லாம் என்ன நினைத்திருக்குமோ.

அதே கணக்கெடுப்பில் இன்னொரு வரி இருக்கிறது. தமிழ்நாட்டில் மனைவிக்கு வயது 15-லிருந்து 49-க்குள் இருக்கும் தம்பதிகளில், பெண் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட வீடுகள் நூற்றுக்கு 57.8. ஆண் செய்துகொண்ட வீடுகள் 0.1. பெண்களுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும். ஆண்களுக்கு இப்போது கத்தி இல்லை, தையல் இல்லை, கொஞ்ச நேர வேலை, அன்றைக்கே வீடு. மூன்று மாசம் மட்டும் வேறு பாதுகாப்போடு இருந்து, பிறகு ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது, மேல்கொண்டு ஊக்கத்தொகையும் உண்டு. நர்சம்மா அடுத்த தடவை வீட்டுக்கு வரும்போது, அண்ணே, நீங்களே எழுந்து போய் விவரம் கேளுங்கள்.