கணக்குக் காட்டாத இயந்திரம்: டீக்கடைத் தொழில்நுட்பக் கருத்துகள் குறித்து ஓர் ஆராய்ச்சி

புதிதாக எந்தத் தொழில்நுட்பம் வந்தாலும் அதைப் பற்றி மூன்று தரப்பினர் பேசுகிறார்கள்: செய்தவர்கள், விற்பவர்கள், டீ குடிப்பவர்கள். முதல் தரப்பின் கருத்து ஆய்விதழ்களிலும் இரண்டாம் தரப்பின் கருத்து விளம்பரங்களிலும் பத்திரமாக இருக்கின்றன. மூன்றாம் தரப்பின் கருத்து கிளாஸ் கழுவும் தண்ணீரோடு போய்விடுகிறது. இந்தப் பேரிழப்பை ஈடுகட்டும் எளிய முயற்சியே இக்கட்டுரை. ஆய்வுக்களம், உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் சாலையில் வியாக்ரபுரீசுவரர் கோயில் கொண்ட திருப்புலிவனமும் அதன் சுற்றுப்புறமும். ஆய்வுப்பொருள், அங்கே டீக்கடை பெஞ்சில் அன்றாடம் உற்பத்தியாகும் தொழில்நுட்பக் கருத்து. தொல்காப்பிய முறைப்படி இதற்கு முப்பொருள் வகுத்துக்கொள்ளலாம். முதற்பொருளில் நிலம் டீக்கடை. பொழுது முதல் பஸ்ஸுக்கு முன்னும் வெயில் தாழ்ந்த பின்னும். கருப்பொருள் நாளிதழின் கடைசிப் பக்கம், சார்ஜ் குறைந்த செல்போன், மசால்வடை. உரிப்பொருள் சந்தேகமும் சந்தேகம் நிமித்தமும். இத்திணைக்கு இலக்கணம் வகுத்தபோது கிடைத்த முடிவு ஒன்றுதான்: பெஞ்சு தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. பேசுவதுபோல் தோன்றும் ஒவ்வொரு முறையும் அது கேட்பது ஒரே கேள்வி: நாளைக்குத் தப்பு நடந்தால் யாரைப் போய்க் கேட்பது? கேட்க ஆள் உள்ள மெஷின் நல்ல மெஷின். ஆள் இல்லாத மெஷின் கெட்ட மெஷின். இதைப் பெஞ்சு விதி என்று அழைப்போம்.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்று தேட ஆய்வாளர் வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. பக்கத்து உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் 919ஆம் ஆண்டும் 921ஆம் ஆண்டும் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறைக்காக அவை புகழ்பெற்றவை. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் பேச்சிலும் இடம்பெற்றவை. ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்கு ஆள் எடுக்க முப்பது குடும்புகளிலிருந்தும் (ஊரின் பிரிவுகள்) பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள் என்பது பள்ளிப்பிள்ளைகளுக்கும் தெரியும். பெஞ்சு விதிக்கு அடிப்படையானவை அதைவிடச் சிறிய இரண்டு விவரங்கள். எடுத்த ஓலையை மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். வாங்கி உரக்க வாசிக்க வேண்டும். அங்கிருந்த கோயில் அர்ச்சகர்களான நம்பிமாரும் அதை ஒவ்வொருவராக வாசிக்க வேண்டும். இது ஒன்று. ஏற்கெனவே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்துக்குள்ளேயே போகக் கூடாது. அவனுடைய உறவினர் பெயரும் போகக் கூடாது. இது மற்றொன்று. அந்தச் சபை பிராமணர் சபை. நிலமில்லாதவருக்கும் பெண்களுக்கும் குடத்தில் இடமில்லை. ஆகவே அதை ஜனநாயகத்தின் தாய்வீடு என்று கொண்டாட இக்கட்டுரை வரவில்லை. ஆனால் மறைவாக நடப்பதை நம்பாதே, கணக்குக் காட்டாதவனைச் சேர்க்காதே என்ற இரட்டைக் கட்டளை ஆயிரத்து நூறு ஆண்டுகளாக அந்த வட்டாரத்துக் காற்றில் இருப்பதாகக் கொள்வதில் தவறில்லை. கல்வெட்டுக்கும் டீக்கடைக்கும் இடையே ஆதாரச் சங்கிலி எங்கே என்று கேட்பவர்களுக்கு, இதைவிட மெல்லிய சங்கிலியை வைத்துப் பட்டம் வாங்கியவர்கள் உண்டு என்பதே பதில்.

விதியை இனிச் சான்றுகளில் பொருத்திப் பார்ப்போம். 2016இல் யுபிஐ வந்தபோது, கையில் காசைப் பார்க்காமல் வியாபாரமா என்று பெஞ்சு சிரித்தது. இன்று அதே கடையில் க்யூஆர் அட்டை தொங்குகிறது. மனம் மாறக் காரணம் வங்கிகளின் பிரசாரமல்ல. கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்னப் பேசும் பெட்டி. இத்தனை ரூபாய் வந்தது என்று அது தமிழில் ஊரறியக் கூவுகிறது. கொடுத்தவன், வாங்கியவன், வடை தின்பவன் மூவரும் சாட்சி. உரக்க வாசித்த ஓலை பேட்டரியில் ஓடத் தொடங்கியதும் சந்தேகம் தீர்ந்தது. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் கதையும் இதுவே. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் அது உருவானதில் எழுத்தாளர் சுஜாதாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1982இல் கேரளத்தின் பறவூரில் முதன்முதலாகப் பயன்பட்டது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் எல்லாத் தொகுதிகளுக்கும் வந்தது. பட்டனை அழுத்தினால் ‘பீப்’ சத்தம் மட்டும் வந்த அத்தனை காலமும், எதை அழுத்தினாலும் ஒரே இடத்துக்குத்தான் போகுமாம் என்ற கருத்தைப் பெஞ்சு கைவிடவில்லை. எந்தக் கட்சிக்குப் போகும் என்பது மட்டும் தேர்தலுக்குத் தேர்தல் மாறியது. பிறகு, போட்ட சின்னத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி காட்டும் ஒப்புகைச் சீட்டு வந்தது. சந்தேகம் முற்றிலும் போய்விடவில்லை. ஆனால் ஏழு விநாடி அளவுக்குக் குறைந்தது. பத்தாம் நூற்றாண்டில் ஐந்து விரலை விரித்துக் காட்டச் சொன்னவர்களுக்கு இது வியப்பாக இருந்திருக்காது.

பெஞ்சு உண்மையை நம்பும்போது மட்டுமல்ல, பொய்யை நம்பும்போதும் இதே விதி வேலை செய்கிறது. ஆராய்ச்சியின் சுவை இங்கேதான். 2016 நவம்பரில் வந்த இரண்டாயிரம் ரூபாய் நோட்டில் நானோ சிப் இருக்கிறது, பூமிக்கடியில் புதைத்தாலும் செயற்கைக்கோள் கண்டுபிடித்துவிடும் என்ற செய்தியைப் பெஞ்சு நெஞ்சோடு அணைத்துக்கொண்டது. அரசும் ரிசர்வ் வங்கியும் மறுத்தும் பயனில்லை. சிப் இல்லாமலேயே அந்த நோட்டுக்கு 2023 மே மாதம் விடை கொடுத்தார்கள். இது அறியாமை என்று ஒதுக்கும் அறிஞர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. கணக்குக் காட்டாமல் பதுக்குபவனைக் கணக்குக் காட்ட வைக்கும் இயந்திரம் ஒன்று உலகில் இருக்க வேண்டும் என்ற ஏக்கம் அந்த நம்பிக்கைக்குள் இருந்தது. சிட்டுக்குருவி விவகாரமும் அப்படியே. செல்போன் டவர் குருவிகளைக் கொன்றது என்பது பெஞ்சின் உறுதியான முடிவு, 2018இல் இதையே கதையாக்கிய ‘2.0’ படம் வந்தபின் அது மறுபரிசீலனைக்கு அப்பாற்பட்டதாகிவிட்டது. 2020இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையோ, பெருநகரங்களில் குறைந்தாலும் நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகவே இருப்பதாகச் சொன்னது. கூடு கட்ட ஓட்டு வீட்டு இறவாணம் இல்லாமை, குஞ்சுகளுக்குப் புழு பூச்சி கிடைக்காமை என்றெல்லாம் பறவையியலாளர் காரணம் தேடுகிறார்கள். ஆனால் இறவாணத்தின் மேல் யார் போய் வழக்குப் போடுவது? டவருக்குக் கம்பெனி உண்டு, நிலவாடகை வாங்கும் சொந்தக்காரர் உண்டு, ஏறி நின்று போராட உயரமும் உண்டு. குற்றவாளியைத் தேர்ந்தெடுக்கும்போது பெஞ்சு பார்ப்பது குற்றத்தை அல்ல, விலாசத்தை.

இந்தப் பின்னணியில் செயற்கை நுண்ணறிவு பற்றிய கருத்தை எடை போட வேண்டும். 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து, இனி யாருக்கும் வேலை இருக்காது என்பதைப் பெஞ்சு அமைதியாகச் சொல்லிவருகிறது. அமைதிக்குக் காரணம் முன்னனுபவம். நெல் அறுக்கும் மெஷின் வயலில் இறங்கியபோதே கதிர் அறுக்கும் கூலி போய்விட்டது. ஆனால் அந்த மெஷினுக்கு டிரைவர் இருந்தார், மணிக்கணக்கில் வாடகை பேசும் உரிமையாளர் இருந்தார். ஓரத்துக் கதிரை விட்டுவிட்டான் என்று வரப்பில் நின்று சண்டை போட முடிந்தது. வேலையைத் தின்ற மெஷினிடமும் பெஞ்சு ஒருவகைச் சமாதானத்துக்கு வந்தது அதனால்தான். செயற்கை நுண்ணறிவுக்கு வரப்பு எது, டிரைவர் யார் என்று தெரியவில்லை. இப்படி ஆள் தெரியாத மெஷின் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு முன்மாதிரி உண்டு: 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஒரு மென்பொருள் திருத்தம் பிசகி, மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பார்த்தியா, கடைசியில் பேனாதான் என்ற பெஞ்சின் மகிழ்ச்சியைப் பழமைப்பற்று என்று தவறாகப் படிக்கக் கூடாது. எழுதிக் கொடுத்தவரின் கையெழுத்து அதில் இருந்தது என்பதே மகிழ்ச்சியின் உட்பொருள்.

இனி மறுப்புகள். முதல் மறுப்பு கனமானது: பெஞ்சில் உட்காருபவர் அனைவரும் ஆண்கள், குடத்தைப் போலவே பெஞ்சும் பாதி ஊரை வெளியே நிறுத்திவிட்டது. செல்போனைப் பற்றி அவர்கள் கருத்து உதிர்க்கும் அதே நேரத்தில், அதைத் தயாரிக்கும் பெண்கள் கம்பெனி பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போய்க்கொண்டிருக்கிறார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்துக்குத் தொழில்நுட்பச் செய்தி வெளியூர்ச் செய்தியல்ல. நோக்கியா ஆலை 2006இல் வந்ததும் 2014இல் மூடியதும், ஐபோன் பொருத்தும் வேலை பிறகு வந்ததும் இங்கே வீட்டு வரவுசெலவு. அப்படியானால் அந்தப் பெண்களின் கருத்து விதியை உடைக்கிறதா? 2021 டிசம்பரில் ஐபோன் பொருத்தும் ஃபாக்ஸ்கான் ஆலையின் தொழிலாளர் விடுதியில் கெட்ட உணவால் இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் நோயுற்றார்கள். சிலர் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் பரவ, பெண்கள் திரண்டு சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். இறப்புச் செய்தி பொய். விடுதியின் நிலை மெய். ஆலையைச் சில வாரம் மூட வேண்டிவந்தது. அதை நன்னடத்தைக் கண்காணிப்பில் வைப்பதாக ஆப்பிள் அறிவித்தது. ஒப்பந்தக்காரர், விடுதிக்காரர், கம்பெனி என்று ஒருவர் பின் ஒருவர் ஒளிந்த இடத்தில், பதில் சொல்ல ஒரு முகம் வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். பெஞ்சு டீயோடு கேட்ட கேள்வியை அவர்கள் தார்ச்சாலையில் உட்கார்ந்து கேட்டார்கள் என்பதே வேறுபாடு. பதில் வாங்கியவர்களும் அவர்களே.

இரண்டாவது மறுப்பு இக்கட்டுரையின் விளையாட்டுத் தொனியை நிறுத்திவைக்கக் கோருவது, நிறுத்துவோம். 2018 மே மாதம், குழந்தை கடத்தும் கும்பல் திரிகிறது என்ற வாட்ஸ்அப் செய்தி வடமாவட்டங்களில் பரவியிருந்தபோது, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வம் கும்பிட வந்த குடும்பத்தைக் கூட்டம் அடித்தது; ஒரு மூதாட்டி இறந்தார். குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததே அவர்கள் செய்த குற்றம். பெஞ்சின் கேள்வி சரியென்றால், இந்தக் கொலைக்கு முன் அது ஏன் எழவில்லை? இதற்குச் சாக்கு கிடையாது. இயந்திரத்தைப் பார்த்து யாரைக் கேட்பது என்று கேட்ட பெஞ்சு, அனுப்பியவர் பெயரில்லாமல் வந்த செய்தியைப் பார்த்து அதைக் கேட்கவில்லை. கணக்குக் காட்டாதவனைக் குடத்துக்குள் விடாத ஊர்கள், கணக்கே இல்லாத ஒன்றை நேரே உள்ளங்கையில் வாங்கிக்கொண்டன. செய்தியை அனுப்பியவர் பெரும்பாலும் மாமா, மைத்துனர், பக்கத்து வீட்டுக்காரர் என்று தெரிந்த முகங்கள். தெரிந்த முகம் பதில் சொல்லும் முகம் என்று பெஞ்சு மயங்கியது. முகம் மாமாவுடையது, செய்தி யாருடையதோ.

இதற்கெல்லாம் விதி இருக்கிறதே என்பது மூன்றாவது மறுப்பு. இருக்கிறது. 2018 ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் செய்தியைத் தள்ளிவிட முடியாதபடி கட்டுப்படுத்தியது. 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், பெரிய சமூக ஊடக நிறுவனங்கள் இந்தியாவிலேயே குடியிருக்கும் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை வைக்க வேண்டும், புகாரை 24 மணி நேரத்துக்குள் பதிவுசெய்து 15 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்றன. நிபுணர் குழுக்கள் கூடிக் கலைந்து டெல்லி வந்து சேர்ந்த இடம், பேர் சொல்லு, ஊர் சொல்லு என்ற பெஞ்சு விதிதான். ஆகவே இம்மறுப்பு நம் முடிவை அசைக்கவில்லை, தாங்கிப் பிடிக்கிறது. ஆனால் அந்த அலுவலர் கம்பெனிக்குப் பதில் சொல்வார்; மாமாவுக்குப் பதில் சொல்ல மாட்டார். அந்த இடைவெளியை ஊர்தான் அடைக்க வேண்டும்.

எனவே பரிந்துரை: ஏரி வாரியம், தோட்ட வாரியம் போல ஊருக்கு ஒரு கருத்து வாரியம். 921ஆம் ஆண்டு விதிகளைச் சிறு திருத்தங்களோடு எடுத்துக்கொள்ளலாம். கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும் என்ற நிபந்தனைகளை நீக்கிவிட வேண்டும். பெண்கள் பெயரும் குடத்தில் விழ வேண்டும். கம்பெனி பஸ் திரும்பிய பிறகே கூட்டம் தொடங்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள் என்பதைத் தளர்த்தாவிட்டால் செல்போன் இயக்கத் தெரிந்தவர் ஒருவரும் தேற மாட்டார் என்பதால் அதையும் தளர்த்தலாம். ஒருமுறை வாரியத்தில் இருந்தவர் மூன்றாண்டு ஒதுங்கியிருக்க வேண்டும் என்ற விதி இருக்கட்டும். டீ வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர் ஆட்சேபித்தால் வடைக்கு விலக்குத் தரலாம். தொடக்கூடாத விதி ஒன்றுதான்: நோட்டில் சிப் இருக்கிறது என்று அடித்துச் சொன்னவர், அந்தச் சிப் என்ன ஆயிற்று என்று ஊர் முன்னால் கணக்குக் காட்டாதவரை அடுத்த கருத்தைச் சொல்லக் கூடாது. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது; ஒரு நாளை இந்த நிலுவைக்கு ஒதுக்கலாம். இதில் எஞ்சும் சிக்கல், கணக்குக் காட்டாதவரின் உறவினரையும் விலக்கும் பிரிவு. தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமனார், மருமகன், சகோதரியின் கணவர், அத்தை மகன், சித்தி மகன் என்று கல்வெட்டு விலக்கும் வரிசையை இன்று எடுத்துப் பார்த்தால், அது எந்தக் குடும்ப வாட்ஸ்அப் குழுவின் உறுப்பினர் பட்டியலோடும் அப்படியே பொருந்துகிறது. பிரிவை அமல்படுத்தினால் தமிழ்நாட்டில் குடும்பக் குழு ஒன்றுகூட மிஞ்சாது. அமல்படுத்தாவிட்டால், அங்கே வந்து விழும் ஒவ்வொரு செய்திக்கும் அட்மின் கணக்குக் காட்ட வேண்டியிருக்கும். இரண்டில் எது என்பதை அட்மின்களே எழுத்துமூலம் தெரிவிக்கலாம். பெயர், ஊர், கையொப்பம் அவசியம்.