சோடாப் புட்டி

ஒரு பானத்தைத் தயாரிக்கிறவனுக்குக் கிடைக்கும் கீர்த்தியில் நூற்றில் ஒரு பங்குகூட, அதை அடைத்துத் தரும் புட்டியைக் கற்பனை செய்தவனுக்கு இந்த உலகம் தருவதில்லை என்பது என் வெகுநாளைய மனத்தாங்கல். கோலி சோடாவைக் குடித்து ஏப்பம் விடுகிறவர்களில் எத்தனை பேர், 1872-ஆம் ஆண்டில் அந்தப் புட்டிக்குக் காப்புரிமை பெற்ற ஹைரம் காட் என்ற ஆங்கிலேயரை நினைத்து நன்றியோடு ஏப்பம் விடுகிறார்கள்?

மற்றவர்கள் தக்கையையும் கம்பியையும் கொண்டு வாயுவை அடக்கப் பிரயாசைப்பட, அவரோ தப்பி ஓடத் துடிக்கும் அந்தக் கைதியையே சிறைக்காவலனாக நியமித்துவிட்டார். புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சரக்கை ஏற்றும்போது, கழுத்துக்குள் கிடக்கும் கண்ணாடிக் கோலி உருண்டு வந்து வாயோரத்து ரப்பர் வளையத்தில் உட்காருகிறது. பிறகு நிமிர்த்தி வைத்தாலும், உள்ளிருந்து முட்டும் வாயு அதைக் கீழே விழவொட்டாமல் தாங்கிப் பிடித்துத் தன் கதவைத் தானே தாழிட்டுக்கொள்கிறது. கடைக்காரர் ஒரு மரக்கட்டையை வாயில் வைத்து உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்தினால், கீச்சென்று ஒரு சப்தத்துடன் விடுதலை. கொடுத்த காசில் பாதி அந்தச் சப்தத்துக்குத்தான் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். மீதிப் பாதியில் பன்னீர் சோடாவின் வாசனைக்கும் கொஞ்சம் பங்குண்டு.

திறப்பதைப் பற்றிச் சிந்திக்காத மேதைகளும் இருந்திருக்கிறார்கள். உணவைத் தகர டப்பாவில் அடைக்கும் முறைக்கு இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் காப்புரிமை பெற்றது 1810-இல். அதைத் திறப்பதற்கென்று ஒரு கருவிக்கு அமெரிக்காவில் எஸ்ரா வார்னர் காப்புரிமை பெற்றது 1858-இல். இடையிலே உளியும் சுத்தியலுந்தான் கதி. விருந்துக்குச் சமையற்காரனைவிடக் கொல்லன் அதிக அவசியமாயிருந்த அந்தக் காலத்தில் பிறக்காமல் போனது நம் பூர்வபுண்ணியம்.

காட் அப்படியல்ல, குடிக்கும்போது கோலி உருண்டு வந்து வழியை மறிக்குமே என்று முன்யோசனையாகக் கழுத்தில் இரண்டு பள்ளங்களும் அமைத்தார். பள்ளம் இருக்கும் பக்கம் கீழே வரும்படி சாய்த்தால் கோலி அங்கே தங்கிவிடும். பட்டணத்துப் பிரமுகர் ஒருவர் இந்த இரகசியம் தெரியாமல் புட்டியை மாற்றிப் பிடித்து ஆகாயத்தை நோக்கி வெகுநேரம் தவம் செய்ததையும், பக்கத்திலிருந்த பொடியன் ஒருவன் மரியாதையாக அதைத் திருப்பிக் கொடுத்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

பொடியன்களுக்குத் தெரியாமலிருக்குமா? அவர்கள் கண் எப்போதும் கோலியின்மேல்தான். இங்கிலாந்துப் பையன்களே அதற்காகப் புட்டிகளை உடைத்துத் தீர்த்தார்களென்றால், நம்மூர்ப் பையன்களைக் குறைசொல்வானேன்? பெரியவர்களும் இந்தப் புட்டிக்கு வேறோர் உபயோகம் கண்டுபிடித்தார்கள்: பொதுக்கூட்டங்களில் அபிப்பிராயபேதம் முற்றிய தருணங்களில் அது மேடையை நோக்கி ஆகாயமார்க்கமாகப் பிரயாணம் செய்தது. காலிப் புட்டி திரும்பி வந்தாகவேண்டும் என்பது சோடாக் கடைக்காரரின் மாறாத நிபந்தனைதான். ஆனால் இந்த மார்க்கமாக அவர் அதை எதிர்பார்த்திருக்கமாட்டார்.